தூரத்துக்கு ஃபார்தர், மத்ததுக்கு ஃபர்தர் – யார் சொன்னது?

ரெண்டு வாரம் முன்னாடி எங்க வகுப்புல ஒரு செமினார். லாரி வாடகையும் தூரமும் பத்தி என் நண்பன் பேசினான். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம் படிச்சவன். நாலு நாளா ஹாஸ்டல் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகிட்டு வந்திருந்தான். 'திருச்சி இஸ் ஃபர்தர் ஃப்ரம் சென்னை தேன் விழுப்புரம்'னு அவன் சொல்லி முடிக்கல, மேடம் குறுக்கிட்டாங்க. "ஃபர்தர் இல்லப்பா, ஃபார்தர். தூரம்னா ஃபார்தர், மத்ததுக்குத்தான் ஃபர்தர். இதெல்லாம் ஸ்கூல் கிராமர்." வகுப்பே சிரிச்சது. (நானும்தான். ஒத்துக்கறேன்.) மிச்சம் இருந்த ஆறு ஸ்லைடையும் ரெண்டே நிமிஷத்துல ஓட்டிட்டு அவன் உக்காந்துட்டான். அதுக்கப்புறம் இங்கிலீஷ்ல எதுவும் கேட்டா "நீயே சொல்லுடா"ங்கறான்.

மனசு கேக்காம லைப்ரரியில இருக்கற தடிமனான அகராதிகளைப் புரட்டினேன். மேட்டர் என்னன்னா மக்களே, அவன் சொன்னது சரி.

யு போட்டு எழுதற ஃபர்தர்தான் மூத்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய ஆங்கிலத்துலயே அது இருக்கு. அப்பவே 'இன்னும் தள்ளி'ங்கற பொருளும் 'மேற்கொண்டு'ங்கற பொருளும் ரெண்டும் அதுக்கு இருந்தது. இத்தனைக்கும் அது 'ஃபார்'ங்கற சொல்லோட பிள்ளையே இல்லை. முன்னோக்கிங்கற பொருள் உள்ள 'ஃபோர்த்' வீட்டைச் சேர்ந்தது. ஏ போட்டு எழுதற ஃபார்தர் சுமார் 1300 வாக்குல ஃபர்தரோட இன்னொரு வடிவமா முளைச்சது. 'ஃபார்' பெத்த சொந்தப் பிள்ளை 'ஃபாரர்'னு ஒண்ணு இருந்தது. 17ஆம் நூற்றாண்டு வாக்குல அது ஓரங்கட்டப்பட, ஜாடை ஒத்துப்போன ஃபார்தர் அந்த இடத்துல வந்து உக்காந்துடுச்சு. தத்துப்பிள்ளை மாதிரி.

தூரத்தைச் சொல்ற ஆங்கிலச் சொற்கள் வரலாறே இப்படிக் குழப்படிதான். 'நியர்'ங்கற சொல்லுக்கு ஆதியில 'இன்னும் கிட்ட'ன்னு அர்த்தம். கிட்டங்கறதுக்கு இருந்த சொல் 'நை'. எல்லாத்தையும் விடக் கிட்ட இருந்தா 'நெக்ஸ்ட்'. போகப் போக ஜனங்க இதை மறந்துட்டு, நியர் பின்னாடி இன்னொரு வாலை ஒட்டி 'நியரர்' ஆக்கிட்டாங்க. கணக்குப்படி பார்த்தா அது 'இன்னும் இன்னும் கிட்ட'. அதை எழுதினா எந்த மேடமும் வட்டம் போடறதில்லை :-)

சரி, அப்போ அந்த விதி? அமெரிக்காவுல ஸ்ட்ரங்க் - வொயிட் எழுதின நடைக் கையேடும், அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தோட பத்திரிகைக் கையேடும் அப்படித்தான் பிரிக்கச் சொல்லுது. அங்க வேலைக்குப் போனா அப்படியே எழுதிட்டுப் போங்க, அது ஆபீஸ் விதி. ஆனா 1926இல் வந்த தன்னோட அகராதியிலயே ஃபவ்லர்ங்கற ஆங்கிலேயர், இந்த ரெண்டையும் இடம் பார்த்துப் பிரிச்சுப் பேசறவங்க அநேகமா யாருமே இல்லை, பெரும்பாலானவங்க ஃபர்தர் பக்கம்தான்னு எழுதிட்டார். பிரிட்டன்ல இன்னிக்கும் தூரத்துக்கு ஃபர்தர் சொல்றதுதான் அதிக வழக்கம். (தென் இங்கிலாந்துக்காரங்க வாயில ஃபார்தரும் அப்பாவைக் கூப்பிடற ஃபாதரும் ஒரே சத்தம். அது வேற கதை.) 'கலர்'ல யு விட்டுப்போனா சிவப்பு மையில வட்டம் போடற நம்ம வாத்தியார்கள், இதுல மட்டும் அமெரிக்கக் கையேட்டை எடுத்துக்கறது என்ன நியாயம்?

அந்த விதியில பாதி உண்மை இருக்கு, அதை மறைக்கல. 'கூடுதல் விவரங்களுக்கு'ன்னு எழுதும்போது 'ஃபார்தர் டீடெய்ல்ஸ்'னு போட்டா இன்னிக்கு அது தப்பு. வினைச்சொல்லாவும் ஃபர்தர் மட்டும்தான் வரும். அதாவது ஃபார்தருக்குத்தான் வேலி, ஃபர்தர் எங்க வேணும்னாலும் மேயலாம். சந்தேகம் வந்தா கண்ணை மூடிக்கிட்டு ஃபர்தர் போடுங்க. எங்க வகுப்புல திருத்தினது இதுக்கு நேர்மாறு.

எனக்கு ஆச்சரியமே, இந்த விதி நமக்கு எப்படி இயல்பாத் தோணிச்சுங்கறதுதான். "எவ்வளவு தூரம் சொன்னேன், கேட்டானா?"ன்னு எங்க அம்மா தினமும் கேக்கறாங்க. அந்தத் தூரத்தை எந்த டேப் வச்சு அளக்கறது? "விஷயம் இவ்வளவு தூரத்துக்கு வந்திடுச்சா"ங்கறோம். பரண் மேலங்கற அதே 'மேல்'தான் மேலும், மேற்கொண்டு, அதுக்கும் மேலங்கறதுலயும் நிக்குது. தூரத்தைச் சொல்ற சொல்லை எடுத்து அளவைச் சொல்றது நமக்குப் புதுசா என்ன? இங்கிலீஷ்காரனும் 'ஃபார் பெட்டர்'னு அதையேதான் செய்யறான். தமிழ்ல யோசிச்சு அவன் சொன்ன வாக்கியம் இங்கிலீஷ்லயும் சரியா வந்து விழுந்திருக்கு. தமிழ் மீடியம்னாலே தப்பாத்தான் இருக்கும்ங்கற நினைப்புலதான் நாங்க சிரிச்சோம். எனக்கே அன்னிக்கு அந்த விதி முழுசாத் தெரியாது. இருந்தும் சிரிச்சேன்.

அகராதிப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மேடம்கிட்ட காட்டினேன். படிச்சுப் பார்த்துட்டு, "சரிதான், ஆனா பரீட்சையில நான் சொன்ன மாதிரியே எழுதுங்க"ன்னாங்க. இன்னொரு ஜெராக்ஸை நண்பன்கிட்ட கொடுத்தேன். ஒண்ணும் சொல்லல, மடிச்சுப் பையில வச்சுக்கிட்டான். அடுத்த மாசம் அவனுக்கு இன்னொரு செமினார் இருக்கு. நேத்து ராத்திரி எட்டிப் பார்த்தேன். மூணாவது ஸ்லைடுல திருச்சி, விழுப்புரம், ஃபர்தர், எல்லாம் அப்படியே இருக்கு.