அடுக்களைத் தரையும் அதன் உரிமையும்

வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் ஆர்வம் நம்மவரிடையே மெல்லப் பரவி வருகிறது. பழைய அடுக்களைத் தரையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாய்ப் பாவுவதும் அவற்றுள் ஒன்று. காணொளிகளைப் பார்த்துவிட்டு உதகையிலும் குன்னூரிலும் இதில் இறங்கும் இளைஞர்களை நாம் அறிவோம். அவர்களை ஊக்குவிக்கவே விரும்புகிறோம். ஆனால் இது மேலைநாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று அவர்கள் சொல்லும்போது மறுக்காதிருக்க இயலவில்லை.

மண்தரை இருந்த காலமெல்லாம் அடுக்களைத் தரை சில நாள்களுக்கொரு முறை புதுப்பிக்கப்பட்டே வந்தது. அதற்குக் கொத்தனார் வரவில்லை. வீட்டுப் பெண்தான் சாணத்தைக் கரைத்து, குந்தியமர்ந்து, உள்ளங்கையால் அரைவட்டம் அரைவட்டமாய் இழுத்துக்கொண்டு வாயில்வரை பின்னோக்கி நகர்ந்தாள். வெடிப்பு கண்டால் களிமண் திணித்தாள். கரணையும் கூலியும் வந்த பிறகே அவ்வேலைக்குத் தொழில் என்ற பெயர் கிடைத்தது.

புறநானூற்றின் 249ஆம் பாடலில் கணவனை இழந்த ஒருத்தி, அவனுக்கு உணவு படைக்க முறமளவு சிறிய இடத்தைத் துடைத்து, கண்ணீரையே நீராகக் கொண்டு சாணத்தால் மெழுகுகிறாள். அப்பாடலைப் பற்றிப் பேசுவோர் கைம்மைத் துயரத்தோடு நின்றுவிடுவர். நமக்கோ அந்த முறமளவும் முக்கியமாகப் படுகிறது. அவள் கை அறிந்த வேலை அது. அவளுக்கு எஞ்சிய இடமும் அவ்வளவே.

இனி மலைக்கு வருவோம். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் குன்னூர் 1,850 மீட்டரளவிலும் இருப்பவை. சமவெளிக்கு எழுதப்பட்ட செய்முறை இங்கு அப்படியே செல்லாது. இங்கு முதற்பகை ஈரம். பழைய சிமெண்டுத் தரையின்மேல் ஒரு முழச் சதுர பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரமும் ஒட்டுநாடா ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் மண்ணின் ஈரம் மேலேறுகிறது என்று பொருள். அதற்குமேல் எவ்வளவு விலையுயர்ந்த ஓட்டை ஒட்டினாலும் பயனில்லை. தரையைத் தோண்டி, மண்ணைத் திமிசால் இடித்து, சரளை பரப்பி, கனமான பாலித்தீன் விரித்து, அதன்மேல் கான்கிரீட் இட வேண்டும். கழுவும் நீர் வடிய வாட்டம் மறக்கலாகாது. குளிரில் சிமெண்டு மெதுவாகவே இறுகும். உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பது நலம். ஓடு வெட்டும்போது பறக்கும் தூளில் சிலிக்கா உண்டு, அது நுரையீரலைக் கெடுக்கும். நீர் விட்டே வெட்டுக, முகக்கவசமும் அணிக. ஈரச் சிமெண்டு கையை அரித்துப் புண்ணாக்கும் என்பதையும் வேலை தெரிந்தவர்கள் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு.

பழைய சிவப்பு ஆக்சைடு தரை உள்ளவர்கள் கடப்பாரையைத் தொடுமுன் சற்றே நிற்க வேண்டும். ஈரமில்லாத தரையானால் வெடிப்பை அடைத்து, மெருகேற்றி, தேங்காயெண்ணெய் தேய்த்தால் இன்னும் ஒரு தலைமுறை தாங்கும். வழவழப்பான ஓட்டின்மேல் பனிக்காலக் காலையில் நீர் முத்து முத்தாய் நிற்பதையும், முதியோர் அதில் வழுக்குவதையும் கண்டவர்கள் இதனை ஏற்பர்.

எல்லாம் சரி. ஆனால் இவ்வறிவுரை யாருக்குப் பயன்படும்? தன் தரை என்று சொல்லக்கூடியவருக்கு. நீலகிரியில் அப்படிச் சொல்ல இயலாதவர் பலர்.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதியது. அவ்வாறு வந்தவர்களுக்கு வேலை தரவே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976இல் அது டான்டீ என்னும் கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் காடாயிருந்த சரிவுகள் அவர்கள் கையால் தேயிலையாயின. குடியிருக்க லயன் வீடுகள் கிடைத்தன. வீடளிப்பதையும் பழுது பார்ப்பதையும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிருவாகத்தின் கடமையாக்கியது. ஆயினும் வீடு வேலையோடு கட்டுண்டது. பணி ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும்.

அந்த அடுக்களைகளை எண்ணிப் பாருங்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண், பெயர்ந்த தரையில் தன் கூலியிலிருந்து அரை மூட்டை சிமெண்டு வாங்கிப் பூசுகிறாள் என்றால், அவள் எதன்மேல் பூசுகிறாள்? நிருவாகம் செய்ய வேண்டிய பழுதை அவள் செய்கிறாள். முதலும் உழைப்பும் அவளுடையவை, தரை அவளுடையதன்று. ஒட்டிய ஓட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. இந்நிலையில் வழவழப்போ சொரசொரப்போ, ஓடோ ஆக்சைடோ என்று நாம் நடத்தும் விவாதமெல்லாம் சொந்த வீடுள்ளவர்களின் சொகுசு விவாதமாகவே நமக்குத் தோன்றுகிறது.

தோட்ட வேலையில் தம் வாழ்நாளைக் கழித்தவருக்கு ஓய்வின்போது வீடு தருவதை அரசியல்வாதிகள் சலுகையாகப் பேசுகின்றனர். சலுகையன்று, காட்டைத் திருத்தியவருக்குரிய பங்கு. அதுவும் எங்கோ கீழே சமவெளியில் தொகுப்பு வீடாக அன்றி, அவர்கள் வாழ்ந்த மலையிலேயே, குடும்பத் தலைவியின் பெயரில் பட்டாவோடு தரப்பட வேண்டும். அடுக்களைத் தரையை மண்ணாகவே விட்டுக் கொடுத்தாலும் குற்றமில்லை. அதை எப்படிப் பாவுவது என்பதை அவள் முடிவு செய்துகொள்வாள்.