தொடரை நிறுத்த வேண்டா, தள்ளி வையுங்கள்!



"தொலைக்காட்சியைத் தூக்கி எறியுங்கள்!" பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் அறிவுரை இது. நானும் முழங்கியிருக்கிறேன். எவரேனும் எறிந்தார்களா? இல்லை! எறியமாட்டார்கள் என்று தெரிந்தே சொன்ன அறிவுரை அது. ஆகவே, அதனை இன்றோடு நான் கைவிடுகிறேன். எறிய வேண்டியது பெட்டியை அன்று. அது நமக்கு வகுத்துக் கொடுத்திருக்கும் நேர அட்டவணையை!

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் 'என் அப்பா' என்னும் தலைப்பில் எழுதியது இவ்வளவுதான்: "அப்பா இருட்டில் சிங்கப்பூருக்குப் போவார். இருட்டில் வருவார். சாப்பிட்டுவிட்டு நாடகம் பார்ப்பார். நான் தூங்கிவிடுவேன்." எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. மதிப்பெண் போட எனக்குத்தான் கை வரவில்லை.

ஜொகூர் பாரு வட்டாரத்தில் இது ஒரு வீட்டுக் கதையன்று. விடியுமுன் பாலத்தைக் கடந்து, இரவில் வீடு திரும்பும் பெற்றோர் இங்கு ஏராளம். 2014 முதல் 2024 வரை நம் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரிலோ சனியும் ஞாயிறும். அப்பாவுக்கு ஓய்வான ஞாயிறன்று பிள்ளை பள்ளியில். பிள்ளைக்கு ஓய்வான வெள்ளியன்று அப்பா வேலையில். 2025 சனவரி முதல் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால், வேலை நாள்களில் பெற்றோரும் பிள்ளையும் முகம் பார்க்கக் கிடைப்பது இன்றும் ஒரு மணி நேரமே. அந்த ஒரு மணியைத்தான் தொடர் நாடகம் விழுங்குகிறது!

இதற்குத்தான் இலக்கவியல் பதிவுப் பெட்டி இருக்கிறது. அமெரிக்காவில் 1999-இல் 'டிவோ' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்த அதே வகைக் கருவி, பின்னர் நம் நாட்டுக் கட்டணத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் இடம்பெற்றது. ஒளிபரப்பை அப்படியே வன்தட்டில் எழுதி வைத்துக்கொள்ளும், கேட்கும்போது காட்டும். ஒரு தொடரை ஒருமுறை தெரிவு செய்துவிட்டால் நாள்தோறும் தானே பதிவு செய்யும். கட்டணச் சேவை இல்லாத வீடுகளுக்கும் வழியுண்டு. 2019-இல் மலேசியாவும் சிங்கப்பூரும் பழைய ஒளிபரப்பு முறையை நிறுத்தி இலக்கவியலுக்கு மாறின. அந்த ஒளிபரப்பைப் பெறும் பெட்டிகள் பலவற்றில் விரலியைச் செருகினாலே பதிவு செய்ய முடியும்.

கருவி இருக்கிறது. பயன்படுத்தும் முறைதான் கொடுமை! நான் கண்ட வீடுகளில் ஒரு தொடரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தொடரைப் பதிவு செய்கிறார்கள். ஒன்று பார்த்தவர் இரண்டு பார்க்கிறார். மருந்தை வாங்கி நோயை வளர்ப்பது என்பது இதுதான். ஊருக்கு உபதேசம் செய்த என் வீட்டிலும் சில காலம் இதுவே நடந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"இப்போதுதான் எல்லாம் திறன்பேசியிலேயே வருகிறதே, பதிவுப் பெட்டி எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால், வலையொளியில் ஒரு காணொலி முடியுமுன் அடுத்தது வரிசையில் நிற்கிறது. அதனைத் தெரிவு செய்தவர் நாமும் அல்லர், நம் பிள்ளையும் அல்லன். பதிவுப் பெட்டியில் இருப்பதோ நாம் தெரிவு செய்து வைத்தவை மட்டுமே. அவை முடிந்தால் முடிந்ததுதான். பிள்ளை வளர்க்கும் வீட்டுக்கு 'முடிவு' உள்ள திரை வேண்டும், ஐயா!

என் வீட்டில் இப்போது உள்ள வழக்கத்தைச் சொல்கிறேன்:

1. பிள்ளைகள் உறங்கும் வரை நேரடி ஒளிபரப்பு கிடையாது. தொடர்கள் பதிவாகட்டும்.

2. பெரியவர்கள் அதன்பின் பார்க்கலாம். விளம்பரங்களையும் முன்கதைச் சுருக்கத்தையும் தாண்டிவிட்டால் அரை மணித் தொடர் விரைவில் முடிந்துவிடும், உறக்கமும் கெடாது.

3. வார இறுதியில் பிள்ளைகளோடு அமர்ந்து, பதிவு செய்த நல்ல நிகழ்ச்சி ஒன்றைப் பார்ப்போம். இடையில் நிறுத்தி, "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று கேட்பேன். ஓடும் ஒளிபரப்பில் இதற்கு வாய்ப்பே இல்லை.

4. ஒரு வாரம் தீண்டப்படாத பதிவை அழித்துவிடுவோம். யாரும் பார்க்காத ஒன்றுக்காகவா இவ்வளவு நாள் பிள்ளையின் பேச்சை அடக்கினோம் என்று அப்போது தெரியும்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த கூட்டத்தில் "பார்க்காதீர்கள்" என்று சொல்லாதீர்கள். பதிவு செய்யும் விசை எது என்று காட்டிக் கொடுங்கள். பாட்டி, தாத்தாமார்க்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். பல வீடுகளில் தொலை இயக்கி அவர்கள் கையில்தான் இருக்கிறது.

பெற்றோர்களே, நாடகத்தின் நாயகி நாளை வரை காத்திருப்பாள். அடுத்த மாதம் வரையும் காத்திருப்பாள். "அப்பா, இன்றைக்குப் பள்ளியில்..." என்று தொடங்கும் பிள்ளையின் பேச்சைப் பதிவு செய்து பிறகு கேட்கும் கருவி எந்தக் கடையிலும் இல்லை.

சிந்திப்போம்! இன்றிரவே செயல்படுவோம்!