முகவரி ஏடு யார் கையில் இருக்கிறது?



இரவில் கடையடைக்கும்போது கல்லாப் பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகே நாம் வீட்டுக்குக் கிளம்புகிறோம். ஆனால் கடையின் முகவரி ஏட்டைப் பூட்ட மறந்துவிடுகிறோம். சரக்கு போனால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். பணம் போனால் பாடுபட்டுச் சேர்க்கலாம். வாடிக்கைக்காரர்களின் விலாசம் போனால் வியாபாரம் திசை தெரியாமல் நின்றுவிடும். சென்ற ஆண்டு நாம் பட்ட பாடு மற்ற வணிகர்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாம் மளிகை மொத்த வியாபாரம் தொடங்கிய காலத்தில் சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு நீள நோட்டு இருந்தது. ஆத்தூர், இராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர், சேந்தமங்கலம் என்று ஊர்வாரியாகக் கடைக்காரர்களின் பெயரும் விலாசமும் போன் நம்பரும் அதில் இருக்கும். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அதன்பின் பில், விலைப்பட்டியல், பாக்கிக் கணக்கு எல்லாம் இ-மெயிலில் போகத் தொடங்கின. நீள நோட்டு பரணுக்குப் போய்விட்டது.

சென்ற ஆண்டு பழைய கம்ப்யூட்டரை மாற்றினோம். மறுநாள் காலை விலைப்பட்டியல் அனுப்ப நமது கணக்குப் பையன் உட்கார்ந்தான். முன்பெல்லாம் ஓர் எழுத்தைத் தட்டினால் கடைக்காரர் பெயர் தானே வந்து நிற்கும். அன்று ஒன்றும் வரவில்லை. பதறிப்போய் அங்கே இங்கே தட்டிப் பார்த்தான். ஒரே பெயர் இரண்டு இரண்டாக இருக்கிறதென்று எண்ணிப் பலவற்றை அழித்தும் விட்டான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நமக்கே எது எங்கே இருக்கிறதென்று தெரியாதபோது அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

நாற்பது நாள் கழித்துப் பண்டிகைக்கு வந்த மருமகப்பிள்ளைதான் விஷயத்தை விளக்கினார். அதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, எழுத்தைத் தட்டியதும் வந்து நிற்கும் பெயர்கள் எல்லாம் முகவரி ஏட்டில் இருப்பவை என்று எண்ணக்கூடாது. அவற்றில் பல, முன்பு அனுப்பியவர்களின் பெயர்களை நிரல் தன் ஞாபகத்தில் வைத்திருப்பதுதான். கம்ப்யூட்டர் மாறினால் அந்த ஞாபகமும் போய்விடலாம். நாமாகச் சேர்த்துப் பதிந்தால்தான் அது முகவரி ஏடு.

இரண்டாவது, எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். கடைக்கு ஓர் இ-மெயில், மகனுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று என்று இருக்கும். ஒரு கணக்கில் பதிந்ததை இன்னொரு கணக்கில் தேடினால் கிடைக்காது. செல்போனிலும் இதே கதைதான். சில நம்பர்கள் சிம்மில், சில போனில், சில கூகுள் கணக்கில் இருக்கும். போனை மாற்றினால் கணக்கில் இருப்பது தானாக வந்து சேரும்.

மூன்றாவது, ஜிமெயில் வைத்திருப்பவர்கள் கூகுள் காண்டாக்ட்ஸ் பக்கத்துக்குப் போனால், அழித்த பெயர்கள் குப்பைத் தொட்டியில் 30 நாள் வரை இருக்கும். முகவரி ஏடு முழுவதையும் முன்பிருந்த நிலைக்குத் திருப்பும் வசதியும் உண்டு. அதற்கும் 30 நாள்தான் கெடு. நாம் சரக்குக்குக் கொடுக்கும் கடன் தவணை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கெடு தாண்டினால் கேட்க முடியாது. நாம் நாற்பதாம் நாள் போய் நின்றோம்.

நான்காவது, அனுப்பிய கடிதங்களின் பெட்டி. முன்பு யாருக்கெல்லாம் பில் அனுப்பினோமோ அவர்கள் விலாசம் அந்தப் பழைய கடிதங்களில் அப்படியே இருக்கும். நாம் இ-மெயில் விலாசங்களைப் பெரும்பாலும் அதிலிருந்துதான் மீட்டோம். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் குறித்து வைத்திருந்த போன் நம்பர்களும் குறிப்புகளும் போனது போனதுதான்.

இன்னொன்று. விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் கூடவே வந்த ‘மெயில்’ என்ற பழைய நிரலுக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் மட்டும் பதிந்து வைத்த விலாசங்கள் புதிய நிரலுக்குத் தானாக வந்துவிடும் என்று நம்பி இருக்கக்கூடாது.

விலாசம் போனால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். அந்த நாற்பது நாளுக்குள் நமக்குப் பருப்பு அனுப்பும் வியாபாரி பெயரில் ஒரு மெயில் வந்தது. “எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதுக் கணக்குக்குப் பணம் அனுப்பவும்” என்று இருந்தது. பழைய விலாசம் ஏட்டில் இருந்திருந்தால் ஓர் எழுத்து வித்தியாசம் அப்போதே கண்ணில் பட்டிருக்கும். ஒத்துப் பார்க்க ஏதுமில்லை. பணம் அனுப்பப் போகும் நேரத்தில் மனசு கேட்காமல் பரணில் கிடந்த நீள நோட்டை எடுத்துத் தூசி தட்டி, அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டோம். “அப்படி நாங்கள் ஒன்றும் அனுப்பவில்லையே” என்றார் அந்தப் பெரியவர். எலி கடித்த நோட்டு அன்று ஒரு லோடு பருப்பின் பணத்தைக் காப்பாற்றியது. இப்படிப் பணம் பறிகொடுத்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம், கணக்கு யார் பெயரில் என்பது. ஜி.எஸ்.டி. பதிவின்போது நம்மில் பலர் இ-மெயில் விலாசத்தையும் செல் நம்பரையும் பதிவு செய்து கொடுத்தவரிடமே விட்டுவிட்டோம். அவர்கள் தங்கள் விலாசத்தையே போட்டுக்கொண்டார்கள் என்று நாடெங்கும் புகார் எழுந்தது. 2018 ஜூனில் மத்திய அரசே தலையிட்டு, சம்பந்தப்பட்ட வரி அதிகாரியிடம் உரிய ஆவணங்களைக் காட்டி விலாசத்தையும் நம்பரையும் மாற்றிக்கொள்ளலாம் என்று வழி செய்தது. ஆகவே இது ஒரு கடையின் கதை அல்ல. சாவியைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுக் கல்லாவை மட்டும் காவல் காக்கிற பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது.

கம்ப்யூட்டரே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதில் ஏறிய வியாபாரம் இனி இறங்காது. எல்லாம் போனில் இருக்கிறது, நோட்டு எதற்கு என்பாரோடும் நமக்கு உடன்பாடில்லை. கடை இ-மெயிலின் கடவுச்சொல் முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதில் பதிந்த செல் நம்பர் முதலாளியுடையதாக இருக்க வேண்டும். வேலையாள் விலகினால் அன்றே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். ஆயுத பூஜைக்கு ஒரு முறையும் ஏப்ரலில் புதுக்கணக்கு போடும்போது ஒரு முறையும் முகவரி ஏடு முழுவதையும் பிரதி எடுத்து, காகிதத்தில் அச்சிட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம் போதும்.

இது பிள்ளைகள் வேலை என்று ஒதுங்கிக்கொள்ளும் நம் வயதுக்காரர்களுக்காகவே, நமது சங்கம் ஒரு மாலை நேரம் ஒதுக்கி இதைச் செய்து காட்ட வேண்டும் என்பது நமது வேண்டுகோள். நாம் நிச்சயம் வருவோம், நீள நோட்டையும் கையோடு கொண்டுவருவோம்.