ஊருணியும் உடல்நலமும்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. இரத்தத்தைச் சோதித்தவர்கள் டெங்கு என்றார்கள். ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தான். இரத்தத் தட்டணுக்கள் இன்று இத்தனை, நேற்று இத்தனை என்று கணக்குப் பார்த்துக்கொண்டே எங்கள் வீட்டில் பொழுது விடிந்தது, அடைந்தது. கோபமெல்லாம் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஊருணியின் மேல் திரும்பியது. சாக்கடை நீர் சேர்ந்து, பாசி படர்ந்து, பாலித்தீன் பைகள் மிதக்கும் அந்த நீர்தான் கொசுவுக்குப் பிறந்தவீடு என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. "இந்தக் குட்டையைத் தூர்த்தால்தான் ஊர் உருப்படும்" என்று அப்பா சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

நான்காம் நாள் சுகாதாரப் பணியாளரான ஓர் அக்கா வந்தார். ஊருணிப் பக்கம் அவர் போகவே இல்லை. நேரே எங்கள் பின்கட்டுக்கு நடந்து, சிமெண்டுத் தொட்டியை மூடியிருந்த தகரத்தை நகர்த்தி, வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினார். கண்ணாடி போன்ற நீர். அதில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. "தம்பி, டெங்குக் கொசு சாக்கடையில முட்டை போடாது. உங்களைப் போல அதுக்கும் நல்ல தண்ணிதான் வேணும்" என்றார்.

அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு ஒரு கேள்வி எழுந்தது. நாங்கள் ஏன் அவ்வளவு பெரிய தொட்டியைக் கட்டி வைத்திருக்கிறோம்? குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது. வரும்போது பிடித்து வைக்காவிட்டால் பட்டினி. கிணறு இருக்கிறது, கோடையில் அது வாளிக்கு எட்டுவதில்லை. ஏன் எட்டுவதில்லை என்றால், பக்கத்து ஊருணியில் நல்ல நீர் நிற்பதில்லை. ஏன் நிற்பதில்லை என்றால், அதற்கு மழைநீரைக் கொண்டுவந்த வரத்துக்கால் இன்று இல்லை. ஆக, நோய் எங்கள் வீட்டுத் தொட்டியில் பிறந்தது உண்மை. ஆனால் அந்தத் தொட்டியை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது ஊரின் அமைப்பு. உடல்நலம் என்பது மருந்துக் கடையிலும் வீட்டுச் சமையற்கட்டிலும் மட்டும் தீர்மானிக்கப்படுவது அன்று; தெருவும் வாய்க்காலும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதில் அதன் பாதி தீர்ந்துபோகிறது. இதுவே நான் சொல்ல வந்தது.

எங்கள் ஊர் கோவிலூர். காரைக்குடியிலிருந்து நடந்தே வந்துவிடலாம். வேதாந்தம் கற்பிக்கும் மடத்தாலும் கொற்றவாளீசுவரர் கோயிலாலும் பெயர் பெற்ற ஊர். வெளியூர் நண்பர்களை அழைத்து வந்தால் கோயிலைப் பார்த்துவிட்டு, அதை ஒட்டிய குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, "எவ்வளவு பெரிய குளம்!" என்பார்கள். இந்த வறண்ட சீமையில் அவ்வளவு தண்ணீரை எப்படிச் சேர்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. செட்டிநாட்டுக்குப் பெரிய ஆற்றின் பாசனம் கிடையாது. மலையும் இல்லை. விழுகின்ற மழையை விழுந்த இடத்திலேயே பிடித்தால்தான் பிழைப்பு. ஆகவே இங்கே ஊரை அமைத்தவர்கள் முதலில் தண்ணீரின் வழியைப் பார்த்தார்கள்; பிறகுதான் வீட்டின் வாசலைப் பார்த்தார்கள்.

நகரத்தார் ஊர்களின் தெருக்கள் கோடு போட்டாற்போல நேராக ஓடும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று வீடுகள் நீண்டு கிடக்கும். தரை மட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டிய வீடு. நடுவே வானம் பார்த்த வளவு. நான்கு பக்கத்து ஓட்டுக் கூரையின் நீரும் முற்றத்தில் இறங்கும். முதல் மழையைக் கழியவிட்டு, அடுத்த மழையை அண்டாவில் பிடிப்பார்கள். மிஞ்சியது கிணற்றுக்குப் போகும். அதிலும் மிஞ்சியது தெருவோரக் கால்வாயில் ஓடி ஊருணிக்குப் போகும். 2003ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சட்டம் வருமுன்பே எங்கள் ஊர்க் கொத்தனார்களுக்கு அது கைவந்த வேலை.

ஊர் உண்ணும் நீர் நிற்குமிடம் ஊருணி. வள்ளுவரே ஒப்புரவாளனின் செல்வத்துக்கு நிறைந்த ஊருணியைத்தான் உவமை சொன்னார். குடிக்கும் ஊருணி வேறு, குளிக்கும் குளம் வேறு, மாடு குளிப்பாட்டும் குட்டை வேறு. குடிநீர் ஊருணிக்குச் சுற்றுச்சுவர் உண்டு. காலைக் கழுவக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, குடத்தைத் தவிர வேறெதுவும் நீரில் படக்கூடாது. என் அப்பத்தா சிறுமியாக இருந்தபோது ஒருநாள் விளையாட்டாகக் காலை நனைத்துவிட்டாராம். காவல்காரர் துரத்திக்கொண்டு வீடுவரை வந்தாராம். இதைச் சொல்லும்போது இப்போதும் அவர் முகத்தில் பயம் தெரியும்.

அந்தக் காவல்காரர் விஞ்ஞானம் படித்தவர் அல்லர். ஆனால் நரம்புச் சிலந்தி நோயைப் பற்றிப் படித்தபோது அவர் துரத்தியதன் பொருள் எனக்கு விளங்கியது. நோயாளியின் காலிலிருந்து வெளிவரும் அந்தப் புழு, கால் நீரில் படும்போது குஞ்சுகளை விடுகிறது. நீரிலுள்ள நுண்ணிய உயிரி அவற்றை விழுங்குகிறது. அந்த நீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது. இதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. படிக்கிணறுகளில் மனிதர் இறங்காதபடி செய்தும், குடிநீரை வடிகட்டியும், பாதுகாத்த நீரைக் கொடுத்துமே இந்தியா இந்நோயை ஒழித்தது. 1996இல் கடைசி நோயாளி. 2000இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று. ஒரு மாத்திரை கூட இல்லாமல் ஒரு நோயை விரட்டியிருக்கிறோம்! இலண்டனில் 1854இல் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற டாக்டர், இறந்தவர்களின் வீடுகளைப் படத்தில் குறித்துப் பார்த்து, ஒரு தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்த கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது.

பழமையைப் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று நண்பர்கள் எண்ணலாம். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஊருணியின் காவல் எச்சிலையும் அழுக்கையும் மட்டும் தடுக்கவில்லை, மனிதரையும் தடுத்தது. எங்கள் பகுதி அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தில் 1931இல் ஆதி திராவிடர் மீது ஆதிக்கச் சாதியினர் பதினொரு தடைகளை விதித்ததை அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். அவர்களுடைய பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பும் பித்தளையும் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சும்மாட்டுக்குக் கூடத் துணி கூடாது, வைக்கோல்தானாம். தண்ணீர் எடுக்கும் உரிமையில் பாதி ஊரை வெளியே நிறுத்திவிட்டு, ஊர் நலமாக இருந்தது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. குழாய் வந்தபோது அவர்களுக்கு அது வெறும் வசதியாக வரவில்லை, விடுதலையாக வந்தது. அந்தக் காலம் திரும்ப வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்து வாய்க்காலைத்தான் கேட்கிறேன்.

குழாய் வந்தபின் ஊருணி எதற்கு என்று வகுப்புத் தோழன் ஒருவன் வாதாடினான். அதில் இறங்கிக் குடம் நிரப்ப வேண்டியதில்லை, சரி. ஆனால் சுற்றியுள்ள கிணற்றையும் ஆழ்குழாயையும் ஊற வைப்பது யார்? ஒரே இரவில் பெய்யும் பெருமழையை வாங்கிக்கொள்வது யார்? ஊருணியைத் தூர்த்தால் அந்த நீர் காணாமற் போய்விடுவதில்லை, நம் வீட்டுக்குள் வருகிறது. சரி, கொசு? 1914இல் இந்தியாவுக்கு வந்த பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர், மதுரை உள்ளிட்ட சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதியவர். மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பது அக்காலத்து அதிகாரிகளின் வழக்கம். கெடிஸ் அதை ஒப்பவில்லை. மீனும் வாத்தும் விடுங்கள், அவை கொசுப்புழுவைத் தின்னும், குளம் ஊருக்கு வேண்டும் என்றார். நூறாண்டுக்கு முன் ஓர் அந்நியருக்குப் புரிந்தது, அன்று அப்பாவோடு சேர்ந்து தலையாட்டிய எனக்குப் புரியவில்லை.

தண்ணீரோடு நின்றுவிடக்கூடாது, நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் 2021 முதல் வீடு தேடி மாத்திரை வருகிறது, நல்ல காரியம். ஆனால் அதே டாக்டர் "தினமும் நடங்க" என்கிறாரே, அப்பத்தா எங்கே நடப்பார்? திண்ணைக்குக் கம்பி போட்டாகிவிட்டது. தெருவோரத்தில் மோட்டார் சைக்கிள். பெரிய சாலையில் லாரி. அவர் நடந்ததெல்லாம் தண்ணீருக்கும் சந்தைக்கும்தான். உடற்பயிற்சி என்ற பெயரே அவருக்குத் தெரியாது.

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. சுற்றூர்களுக்கும் நகருக்கும் இடையிலிருந்த பொட்டல்கள் மனைப்பிரிவுகளாகி, கல் நட்டு, கொடி கட்டி நிற்கின்றன. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக, 10 சதவீத இடம் பொதுவுக்கு என்பது விதி. நான் பார்த்த வரையில் அந்தப் பத்துச் சதவீதம் விலைபோகாத மூலையில், முக்கோணமாகக் கிடக்கும். என் யோசனை எளியது. மனையை அளப்பதற்குமுன் மழையன்று ஒருமுறை போய், தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கட்டும். நிற்கிற பள்ளம் எதுவோ அதுவே பொது இடம். அங்கே ஓர் ஊருணி வெட்டி, கரையில் வேம்பும் புங்கையும் வைத்து, சுற்றிலும் நடைபாதை விட்டால், கிணறு ஊறும், கிழவர்கள் நடப்பார்கள், பிள்ளைகள் நிழலில் ஆடுவார்கள். கழிவுநீருக்கு மட்டும் வேறு வழி. அது ஊருணியைத் தொடவே கூடாது. சாக்கடையையும் மழைநீரையும் ஒரே கால்வாயில் விட்டதுதான் இத்தனைக்கும் மூலம். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் சேர்க்கப்பட்டன. பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் படமெடுக்கப் பலர் வருகிறார்கள். தெருவோரக் கால்வாயை யாரும் படமெடுத்து நான் பார்த்ததில்லை.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏழு நாள் முகாமில் கோயில் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், ஊர்வலம் போகிறோம். இந்த முறை ஓர் ஊருணியை எடுத்துக்கொண்டு, அதன் வரத்துக்கால் எங்கே தொடங்கியது, எங்கே அடைபட்டது என்று முதியவர்களைக் கேட்டு, ஒரு படம் வரைந்து மாநகராட்சியில் கொடுப்போம்.

நான் தனியாக ஒருமுறை முயன்று பார்த்தேன். சென்ற கார்த்திகையில், தூறல் விட்ட ஒரு மாலையில், அப்பத்தாவைக் கைப்பிடித்து அழைத்துப் போனேன். கோலை ஊன்றியபடி, "இப்படித்தான் வரும், இங்கிட்டுத் திரும்பும்" என்று காட்டிக்கொண்டே நடந்தார். வாய்க்கால் ஒரு கடையின் படிக்கட்டுக்குக் கீழே போனது. ஒரு புது வீட்டின் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கீழே போனது. பிறகு எங்கள் தெருவுக்குள் திரும்பியது. எங்கள் வீட்டுப் பின்சுவரின் முன் வந்ததும் அப்பத்தா நின்றுவிட்டார். அந்தச் சுவரைத் தள்ளிக் கட்டியது என் அப்பா. வாய்க்காலில் மூன்றடி உள்ளே வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் சிமெண்டுத் தொட்டி.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து, பொங்கல் கழியட்டும், மூலையை இடித்துக் குழாய் பதித்துவிடலாம் என்றார். பொங்கல் கழிந்துவிட்டது. கொத்தனாரிடம் பேசியிருக்கிறோம்.