ஒரு நாள் தவறினால்

புத்தாண்டு பிறந்து மூன்று கிழமைகள் கழிந்துவிட்டன. முதலாந் திகதியன்று நாம் செய்துகொண்ட சங்கற்பங்கள் இப்பொழுது எந்நிலையில் இருக்கின்றன? அதிகாலையில் எழுவோம் என்றோம்; நாள்தோறும் நடப்போம் என்றோம்; கோபத்தைக் குறைப்போம், நல்ல நூல்களைப் படிப்போம், வரவு செலவைக் குறித்து வைப்போம் என்றெல்லாம் சொன்னோம். இவற்றுள் எத்தனை இன்னும் உயிரோடிருக்கின்றன என்று வாசகர்களைக் கேட்பதற்கு முன் எம்மையே கேட்டுக்கொள்வது முறையாகும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பழைய அலுமாரி ஒன்றைத் துப்புரவு செய்தபோது, வெவ்வேறு ஆண்டுகளில் நாம் எழுதத் தொடங்கிய நாட்குறிப்புப் புத்தகங்கள் ஏழு அகப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஜனவரி முதலாந் திகதிப் பக்கம் அழகான எழுத்தால் நிரம்பியிருந்தது. பத்தாந் திகதியளவில் எழுத்துச் சுருங்கியது. இருபதாந் திகதிக்குப் பின்னர் எல்லாம் வெறுந்தாள். நம் முன்னோர் 'ஆரம்ப சூரத்தனம்' என்று சொன்னது இதனைத்தான். ஒரேயொரு புத்தகத்தில் மட்டும் பெப்ரவரி மாதப் பக்கம் ஒன்றில் ஒரு வரி காணப்பட்டது: "வாத்தியார் ஐயாவுக்குக் கடிதம் எழுத வேண்டும்." அதன் கீழே இரண்டு கோடுகளும் இழுத்திருந்தோம். அவ்வரியைக் கண்டதும் துப்புரவு வேலை அவ்வளவில் நின்றுவிட்டது.

அந்த வாத்தியார் எமக்கு அரிச்சுவடி கற்பித்தவர். சோதனைக் கட்டணம் கட்ட வீட்டிலே வழியில்லாதிருந்த ஓராண்டில், எவருக்கும் சொல்லாமல் அதனைத் தாமே கட்டியவர். சோதனையில் தேறிக் கொழும்பிலே ஒரு கந்தோரில் நாம் உத்தியோகம் ஏற்ற சில மாதங்களில் அவரிடமிருந்து நீண்ட கடிதம் ஒன்று வந்தது. சாப்பாடு எப்படி, தங்குமிடம் எப்படி, என்ன நூல் படிக்கிறாய் என்றெல்லாம் விசாரித்திருந்தார். அத்தகைய கடிதத்துக்கு நாலு வரியில் மறுமொழி எழுதுவது மரியாதையாகாது என்று நாம் எண்ணினோம். ஆறுதலாக இருந்து நிறைய எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்த ஆறுதலான நேரம் அந்தக் கிழமை வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. மாதம் இரண்டு சென்றபின், தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்ற வெட்கம் வந்து சேர்ந்தது. வெட்கம் மேலும் தாமதிக்கச் செய்தது. தாமதம் வெட்கத்தை வளர்த்தது. எட்டாவது மாதத்தில் ஊரிலிருந்து தந்தி வந்தது. வாத்தியார் காலமாகிவிட்டார்.

எட்டுச் செலவுக்குத்தான் நாம் போய்ச் சேர முடிந்தது. அவருடைய துணைவியார் தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டு, "தம்பி, உன்ரை கடிதம் வருமெண்டு தபாற்காரன் வாற நேரம் படலையடியிலை போய் நிப்பார்" என்றார். குறைகூறும் குரலில் அவர் அதனைச் சொல்லவில்லை. கணவர் எம்மீது வைத்திருந்த அன்பை எமக்கு அறிவிக்கவே சொன்னார். ஆகையினாலேதான் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும் அச்சொல் ஆறாமல் இருக்கின்றது.

எமக்கு அவர்மீது அன்பு இல்லாமற் போயிற்றா? இல்லை. எழுதும் ஆற்றல் இல்லையா? அதுவும் இல்லை. அன்பு இருந்தது, அதற்கென்று ஒரு வேளை இருக்கவில்லை. குளிப்பதற்கும் உண்பதற்கும் கந்தோருக்குப் போவதற்கும் வேளை இருந்தது. வாழ்க்கையில் எமக்கு மிகப் பெரியது எதுவோ அதற்கு மட்டும் நேரங் குறிக்காமல், 'ஆறுதலாகப் பார்ப்போம்' என்று ஒதுக்கி வைத்தோம். நல்லெண்ணத்தோடு இருப்பவர்களும் பயனின்றி ஆண்டுகளைக் கழித்துவிடுவது பெரும்பாலும் இவ்வாறுதான்.

தபாலைப் பற்றிப் பேசும்போது, தபாற் கந்தோரிலேயே முப்பத்து மூன்று ஆண்டுகள் உத்தியோகம் பார்த்த ஓர் எழுத்தாளர் நினைவுக்கு வருகிறார். அந்தனி ட்ரொலப் என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1834இல் தபால் இலாகாவிற் சேர்ந்து 1867 வரை பணியாற்றினார். அவ்வேலையைப் பார்த்துக்கொண்டே தமது நூல்கள் பலவற்றையும் எழுதினார். அவர் எழுதிய நாவல்கள் மொத்தம் 47. இஃது எவ்வாறு இயன்றது என்பதை, அவர் இறந்த மறு ஆண்டாகிய 1883இல் வெளிவந்த சுயசரிதையில் அவரே விளக்கியுள்ளார். காலை ஐந்தரை மணிக்கு அவர் எழுதும் மேசையில் இருப்பார். கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். அந்நேரத்தில் தம்மை எழுப்பிக் கோப்பி கொண்டுவந்து தருவதற்காகத் தம் குதிரைக்காரருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். தமது வெற்றிக்கு வேறெவரையும் விட அந்தக் கிழவருக்கே தாம் கடமைப்பட்டவர் என்று நினைக்கத் தோன்றுகிறது எனவும் எழுதி வைத்தார். எத்தனை பக்கம் எழுதினோம் என்பதை அன்றன்றே ஒரு குறிப்புப் புத்தகத்திற் பதிவதும் அவர் வழக்கம். சோம்பியிருந்த நாளும் அதில் அப்படியே தெரியும்.

ஆயினும், இத்தகைய பெரியோர் வரலாற்றைக் கேட்கும்போது நம்மிற் பலர்க்கு ஊக்கம் பிறப்பதற்குப் பதிலாகச் சோர்வே பிறக்கிறது. "நாலு நாள் செய்தேன், ஐந்தாம் நாள் காய்ச்சல், ஆறாம் நாள் விருந்தினர். அத்தோடு விட்டுப்போயிற்று. எனக்கு இதெல்லாம் சரிவராது" என்று மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்குப் பெஞ்சமின் பிராங்ளினுடைய சிறு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

பிராங்ளின் 1706இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிற் பிறந்தவர். பதினேழு வயதிற் பிலடெல்பியாவுக்குச் சென்று அச்சுத் தொழிலால் முன்னுக்கு வந்தவர். இளமையில் அவர் நிதானம், ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு, வாய்மை, அடக்கம் முதலிய பதின்மூன்று நற்குணங்களைத் தெரிந்துகொண்டார். ஒரு சிறு புத்தகத்திற் சிவப்பு மையால் கட்டங்கள் கீறி, வாரத்தின் ஏழு நாளுக்கும் இடம் விட்டு, இரவுதோறும் அன்றைய பிழைகளுக்குக் கரும்புள்ளி இட்டு வந்தார். வாரத்துக்கு ஒரு குணத்தில் விசேட கவனம். ஆகவே பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி மறுபடியும் இட்டதில் தாள் ஓட்டை விழுந்துவிட்டது. பின்னர் ஈரப் பஞ்சினால் துடைக்கக்கூடிய தந்தத் தகடுகளில் அக்கட்டங்களை எழுதிக்கொண்டார்.

அவர் வெற்றி பெற்றாரா? 1784இல், முதுமையில், அவரே கணக்குக் கூறுகிறார். ஒழுங்கு என்னும் குணம் தமக்குக் கடைசிவரை கைகூடவில்லை என்கிறார். தாம் நாடிய நிறைவை அடையவில்லை என்றும், ஆனால் முயலாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதை விட மேலான, மகிழ்ச்சியான மனிதரானதாகவும் சொல்கிறார். ஓட்டை விழுந்த அந்தத் தாளை எண்ணிப் பாருங்கள். அவர் பலமுறை தவறினார் என்பதற்கு அது சாட்சி. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார் என்பதற்கும் அதுவே சாட்சி.

நம் காலத்து ஆராய்ச்சியும் இதற்கு ஆதரவாக இருக்கின்றது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியொன்று 2010இல் வெளியாயிற்று. அவர்கள் ஒவ்வொருவரும் பகலுணவோடு பழம் உண்பது, இராவுணவுக்கு முன் சிறிது ஓடுவது போன்ற ஒரு செயலைத் தெரிந்து, நாள்தோறும் ஒரே சந்தர்ப்பத்தில் 84 நாள் செய்து வந்தனர். செயல் தானாகவே நிகழும் பழக்கமாகுவதற்கு நடுத்தரமாக 66 நாள் செல்லும் எனக் கணிக்கப்பட்டது. ஒருவருக்கு 18 நாளே போதுமாயிருந்தது. இன்னொருவருக்கு 254 நாள் வரை செல்லும் எனத் தெரிந்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவு கெடவில்லை என்பதும் அறியப்பட்டது. பழக்கத்தைக் கெடுப்பது தவறிய அந்த ஒரு நாளன்று. 'தவறிவிட்டோமே' என்று கைவிடும் மறுநாளேயாம். எம்முடைய கடிதமும் முதற் கிழமைத் தாமதத்தால் நின்றுபோகவில்லை. அத்தாமதத்துக்கு நாணி, எழுதாமலே இருந்ததால்தான் நின்றுபோயிற்று.

இவ்விடத்தில் இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். கட்டங் கீறித் தம் குற்றங்களை எண்ணிய அதே பிராங்ளின் தம் வீட்டில் அடிமைகளையும் வைத்திருந்தார். முதுமையில் மனம் மாறி, 1787இல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். ஆனால் பல ஆண்டுகளாக அப்பெருங் குற்றம் அந்தச் சிறு கட்டங்களில் அகப்படவில்லை. அதிகாலையில் எழுவதும் ஒழுங்காக வேலை செய்வதும் நல்லனவே. எனினும் அவை தாமாகவே ஒரு வாழ்வை நல்வாழ்வாக்கிவிடா. 'நான் இன்று எவ்வளவு செய்தேன்?' என்ற கேள்வியோடு, 'என்னால் இன்று யாருக்கு நன்மை? என் பொருட்டு யார் காத்திருக்கிறார்?' என்ற கேள்வியும் சேர வேண்டும். அப்பொழுதுதான் பழக்கத்துக்கு நோக்கம் உண்டாகும்.

இனி, வீட்டிற் செய்யக்கூடியவற்றைச் சொல்வோம்.

முதலாவது, புதுப் பழக்கத்தை ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு முடிந்து விடுங்கள். 'நேரங் கிடைக்கும்போது படிப்பேன்' என்பதிற் பயனில்லை. 'மாலையில் விளக்கேற்றியதும் மேசையில் இருப்பேன்' என்பதிற் பயனுண்டு. மாணவர்கள் அந்த முதல் அரை மணியைத் தமக்கு மிகக் கடினமான பாடத்துக்கே கொடுத்தல் நன்று. கைத்தொலைபேசியை அவ்வேளையில் வேறு அறையில் வைத்துவிடுவது அதனினும் நன்று.

இரண்டாவது, காய்ச்சல் நாளிலும் செய்யக்கூடிய அளவுக்குச் சிறிதாகத் தொடங்குங்கள். பத்துப் பக்கம் என்று தொடங்கி நிறுத்துவதிலும், ஒரு பக்கம் என்று தொடங்கி நிலைப்பது மேல். எறும்பூரக் கல்லுந் தேயும்.

மூன்றாவது, செய்த நாளை அடையாளமிடுங்கள். பெரும்பாலான வீடுகளிற் சுவரிலே கலண்டர் தொங்குகிறது. பென்சிலால் ஒரு கோடு போதும். ஊர்க் கடைக்காரர் இரவில் பெட்டிக் காசை எண்ணிக் கொப்பியில் எழுதிய பின்னரே கதவைப் பூட்டுகிறார். நட்டப்பட்ட நாளிலும் எழுதுகிறார். நமது நாளுக்கும் அவ்வாறே ஒரு கணக்கு வேண்டும்.

நான்காவது, தவறிய நாளுக்காக உங்களையும் ஏசாதீர்கள், பிள்ளைகளையும் ஏசாதீர்கள். 'நேற்று விட்டுவிட்டாய், இன்றைக்குச் செய்' என்ற ஒரு சொல் போதும்.

குடும்பத் தலைவிகளுக்கு ஒரு வார்த்தை. காலையில் முதலில் எழுந்து இரவில் கடைசியாகப் படுக்கும் தாய்க்கு, 'நல்ல பழக்கம்' என்ற பெயரில் இன்னொரு சுமையை ஏற்றுவது எம் கருத்தன்று. இராச் சாப்பாட்டுக்குப் பின் கோப்பைகளைக் கழுவுவது பிள்ளைகளதும் தகப்பனதும் பழக்கமாகட்டும். அதனால் மீளும் கால் மணி, தாய் விரும்பியதைச் செய்வதற்கு அவருக்கே உரியதாகட்டும். ஒரு வீட்டின் நற்பழக்கங்களுள் இதனினும் சிறந்ததை நாம் அறியோம்.

எம் கதையின் மிச்சத்தையும் சொல்லி முடிக்கிறோம். எட்டுச் செலவு முடிந்து கொழும்புக்குத் திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை, மாலைத் தேநீர் குடித்த கையோடு வாத்தியாருடைய துணைவியாருக்கு ஒரு தபாலட்டை எழுதினோம். ஆறு வரிதான். அடுத்த ஞாயிறு வேறொருவருக்கு எழுதினோம். அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் இருக்கின்றது. நோயால் தவறிய வாரங்கள் உண்டு. நாட்டு நிலைமையால் தபால் போய்ச்சேராத காலங்களும் உண்டு. வெறுஞ் சோம்பலால் தவறிய வாரங்களையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் விட்ட இடத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்குவதற்கு இப்பொழுதெல்லாம் நாம் வெட்கப்படுவதில்லை. ஏழு நாட்குறிப்புப் புத்தகங்களில் தோற்ற எமக்கு, ஒரு தபாலட்டை அளவான பழக்கம் பலித்தது.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை. இதனை வாசிக்கும் உங்களுக்கும் மறுமொழி எதிர்பார்த்திருக்கும் ஒருவர் எங்கேனும் இருக்கக்கூடும்: ஊரிலுள்ள பெரியம்மா, முன்னாள் ஆசிரியர், கோபித்துக்கொண்டு போன நண்பர், கடல் கடந்து போன சகோதரன். ஆறுதலான நேரம் வரட்டும் என்று இராதீர்கள். தேநீர் ஆறுவதற்கு முன் நாலு வரி எழுதுங்கள்; அல்லது எடுத்துப் பேசுங்கள். அடுத்த ஞாயிறு தவறினாலும், அதற்கடுத்த ஞாயிறு எழுதுங்கள். படலையடியில் நிற்பவர்கள் நீண்ட கடிதத்துக்காகக் காத்து நிற்பதில்லை.