ஊர்க்கணக்கும் ஊராரும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே, முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள. கி. பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரிய அவை, குடவோலை முறையால் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை விரித்துரைக்கின்றன. அவற்றுள் ஒரு விதி எம் நெஞ்சைப் பெரிதும் கவர்ந்தது. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதொழிந்தவரே யன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்பதே அது.

அச்சபை நிலமுடைய அந்தணர் சபை. ஏனையோர்க்கு அதில் இடமில்லை. பழமையைப் போற்றப் புகுந்து இவ்வுண்மையை மறைத்தல் தகாது. எனினும், பொதுப்பொருளைக் கையாண்டவன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் என்னும் கொள்கை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டிற் கல்லில் ஏறியதென்பது பொய்யன்று.

இன்று அக்கடமை எல்லார்க்கும் உரிய சட்டமாயிற்று. தமிழ்நாடு 1997-ஆம் ஆண்டிலேயே தகவல் அறியும் சட்டமொன்று இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிப்பார்க்கு முப்பது நாட்களுள் விடையளித்தல் வேண்டும். அன்றியும், ஒருவரும் கேளாமலே பல செய்திகளை அலுவலகங்கள் தாமே வெளியிடல் வேண்டுமென அதன் 4-ஆம் பிரிவு பணிக்கின்றது.

ஆயின், சட்டம் இருத்தல் வேறு. ஊரார் அறிதல் வேறு. சென்ற ஆண்டு எம் ஊர்க் குளம் தூர் வாரப்பட்டது. கிராம சபையில் மொத்தச் செலவு மட்டும் வாசிக்கப்பெற்றது. எம் பாட்டியார் எழுந்து, “யார் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று சொல்லுங்கள், ஐயா” என்றார். “அதெல்லாம் ஏட்டில் இருக்கிறது, அம்மா” என்பதே விடை. ஏடோ பூட்டிய பெட்டியில், பாட்டியாரோ எழுத்தறியாதவர்.

அவர் பெயரால் யாம் விண்ணப்பம் எழுதினோம். ஒரு திங்களுள் படிகள் வந்தன. அன்று மாலை குளக்கரை வேம்பின் கீழ் அவற்றை ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தோம். விளைந்தது யாது? கணக்கு ஏறக்குறையச் சரியாகவே யிருந்தது. பல மாதமாக ஊரார் பழி தூற்றிய ஊராட்சிச் செயலர் நேர்மையானவர் என்பது வெளியாயிற்று. இருவர்க்கு மட்டும் சில நாட் கூலி விடுபட்டிருந்தது. பின்னர் அதுவும் கிடைத்தது. மறைவு கள்வனைக் காப்பதோடு நில்லாது நல்லவனையும் கெடுக்கின்றது என்பதை யாம் அன்றே உணர்ந்தோம்.

இம்முறை எமக்கே உரியதன்று. இராசத்தானத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்னும் உழைப்பாளர் அமைப்பினர், 1994 முதல் ஊர்தோறும் மக்களைக் கூட்டி, கூலிப் பட்டியல்களை அவர்முன் வாசித்தனர். வேலை செய்யாதார் பெயர்களும் பட்டியலில் இருந்தமை வெளிப்பட்டது. 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அறப்போர் நிகழ்த்தினர். பின்வந்த சட்டத்திற்கு அவ்வேழை மக்களின் குரலே வித்தாயிற்று.

விண்ணப்பங்கள் மிகுந்து அலுவல் தடைப்படுகின்றதென்பார் உளர். கணக்கைத் தாமே ஊர்ச் சுவரில் எழுதி வைப்பின், கேட்பார் தொகை தானே குறையுமன்றோ?

தோழர்காள்! தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டில் ஆறு முறை கூடுகின்றது. அவற்றுள் மே முதல் நாளேனும், ஆகஸ்டு 15-ஆம் நாளேனும் ஊரிலிருப்போர் நம்மிற் பலர். கல்லெழுத்தைப் படிக்கக் கற்கும் நாம், நம் ஊர் ஏட்டையும் படித்தல் வேண்டும். படித்து, எழுத்தறியாதார் செவியிற் படுமாறு உரக்க வாசித்தல் வேண்டும். கேட்பாரில்லாத ஏடு திறந்திருந்தும் மூடிய ஏடே யாகும்.