வளவு வெளிச்சத்தில் எடுத்த சான்று

ஐப்பசி அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு முற்பகல். கீழச்சிவல்பட்டியில், முகப்புத் திண்ணையில் அமர்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சியின் கைப்பேசி ஒலித்தது. பேசியவர் பணிவாகவே பேசினார். ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து அழைப்பதாகவும், உயிர்வாழ்ச் சான்று இன்னும் வந்து சேரவில்லை என்றும், இன்று மாலைக்குள் பதிவு செய்யாவிடில் அடுத்த மாதம் பணம் வராது என்றும் சொன்னார். ஆச்சியின் பெயர், கணவர் பணியாற்றிய அஞ்சல் துறை, ஓய்வூதிய ஆணை எண் ஆகிய அனைத்தையும் அவரே வாசித்தும் காட்டினார். "உங்கள் போனுக்கு ஒரு எண் வந்திருக்கும் அம்மா. அதை மட்டும் சொல்லுங்கள், வேலை முடிந்தது" என்றார்.

ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். கணவர் மறைந்தபின் வரும் குடும்ப ஓய்வூதியமே மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும், இளையாத்தங்குடிக் கோயிலுக்குச் செல்லும் வண்டிச் செலவுக்கும் ஆதாரம். மகனிடம் கேட்டால் அனுப்புவார். ஆயினும் கேட்காமல் வரும் பணத்தின் அருமை வேறு. அது நின்றுவிடும் என்ற சொல்லைக் கேட்டதும் கை நடுங்கியது. மூக்குக் கண்ணாடி இரண்டாம் கட்டில் இருந்ததால் எண்ணைப் படிக்க இயலவில்லை. "கண்ணாடியை எடுத்துவந்து சொல்கிறேன்" என்று எழுந்தவர், உள்ளே சென்றதும், காரைக்குடியில் படிக்கும் மகள்வழிப் பேரன் முன்பொரு நாள் சொன்னது நினைவுக்கு வர, அழைப்பைத் துண்டித்தார். கண்ணாடியை இடம் மாற்றி வைக்கும் பழக்கம் அன்று அவரைக் காத்தது என்றே சொல்ல வேண்டும்.

விவரங்கள் அனைத்தும் சரியாக இருந்தனவே, அழைத்தவர் எப்படிப் பொய்யராவார் என்று பெரியோர் பலர் மயங்குவதுண்டு. பெயரும் ஆணை எண்ணும் பலருடைய கைகளில் புழங்கும் தாள்களில் உள்ளவை. அவற்றை அறிந்திருப்பது அதிகாரத்துக்குச் சான்றாகாது. ஓய்வூதியம் வழங்கும் எந்த அலுவலகமும் தொலைபேசியில் அழைத்து உயிர்வாழ்ச் சான்றைப் பதிவு செய்வதில்லை. ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவெண்ணை நாமே தொடங்கிய வேலைக்காக, நம் கையிலுள்ள திரையில் நாமே இடலாம். பிறர் காதில் ஓதலாகாது. எண்ணைத் தாமே கூறிவிட்டவருக்கு விதிமுறையும் பெரிதாகத் துணை நிற்பதில்லை. வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு வாடிக்கையாளரையே சேரும் என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின் நிலை. எனவே தவறு நேர்ந்துவிட்டால் நாணி மறைக்காமல், அந்த நிமிடமே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு விரைந்து சொல்கிறோமோ, பணத்தை இடைவழியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பும் அவ்வளவு மிகுதி.

அந்த வார இறுதியில் பேரன் வந்தான். சான்றை முறைப்படி வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம் என்றான். 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணு உயிர்வாழ்ச் சான்று 2014 நவம்பரில் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் விரல்ரேகைக் கருவி தேவைப்பட்டது. அம்மியும் ஆட்டுக்கல்லும் தேய்த்த விரல்களில் ரேகை ஏது? வங்கியில் மூன்று முறை அழுத்தியும் பதியாமல் திரும்பிய ஆச்சிமார் எத்தனையோ பேர். 2021 நவம்பரில் முகத்தைக் கொண்டே அடையாளம் காணும் முறை வந்தபின் அந்தத் தொல்லை நீங்கிற்று.

இதற்கு இரண்டு செயலிகள் வேண்டும். ஒன்று 'ஜீவன் பிரமாண்'. மற்றொன்று 'ஆதார் ஃபேஸ் ஆர்.டி.' இரண்டையும் பிளே ஸ்டோரிலிருந்தே இறக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எவரேனும் அனுப்பும் கோப்பைத் தொடவே கூடாது. இரண்டாவது செயலியின் சின்னம் திரையில் தென்படாது. பின்னணியில் இயங்குவது அதன் இயல்பு. இறங்கவில்லையோ என்று எண்ணிப் பலர் மீண்டும் மீண்டும் முயன்று சலித்துப்போகின்றனர்.

முதலில் கைப்பேசியை இயக்குபவர் தம் ஆதார் எண்ணையும் முகத்தையும் பதிய வேண்டும். பேரன் தன்னையே பதிந்துகொண்டான். ஒரே கைப்பேசியில் எத்தனை ஓய்வூதியர்க்கும் சான்று எடுக்கலாம் என்பதால், விவரமறிந்த இளைஞர் ஒருவர் இருந்தால் ஒரு தெருவுக்கே போதும். அடுத்து ஆச்சியின் ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், கணக்கு எண், வங்கி ஆகியன. பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுத வேண்டும். வங்கிப் புத்தகத்தில் பெயரோடு 'ஆச்சி' சேர்ந்தும், ஆதாரில் சேராமலும் இருப்பது இப்பகுதியில் வழக்கம். பேரன் அதைக் கவனித்துத் திருத்தினான்.

படிவத்தில் ஓரிடத்தில், மறுமணம் செய்துகொண்டவரா என்ற வினா உண்டு. பேரன் தயங்கித் தயங்கிப் படித்தான். ஆச்சி கணவரின் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இல்லைனு போடுடா, அவுகளுக்குக் கேட்டுறப் போகுது" என்றார்.

முகம் பதிவதில்தான் சிக்கல் எழுந்தது. பட்டாலையில் அமர்ந்தபோது இருட்டு. முகப்பில் அமர்ந்தபோது பின்னால் தெருவின் வெயில் அடித்து முகம் கறுத்துத் தெரிந்தது. இருமுறை தோல்வி. பின்னர் வளவுக்கு வந்து, வானம் பார்த்த முற்றத்தை நோக்கி அமர்ந்தார்கள். மென்மையான வெளிச்சம் முகத்தில் நேராக விழுந்தது. கேமராக் கண்ணாடியை முந்தானையால் துடைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவைத்தபின், "ஆயா, மெதுவா ஒரு தடவ கண்ணை மூடித் தொறங்க" என்றான் பேரன். பதிந்துவிட்டது. நம் முன்னோர் கட்டிய வளவு இதற்கும் உதவும் என்று யார் எண்ணியிருப்பார்!

ஆதாரில் உடற்கூறுப் பூட்டு போட்டிருப்பவர்கள் முதலில் அதனைத் திறந்துகொள்ள வேண்டும். இல்லையேல் முகமும் ஏற்கப்படாது. ஆதார் உதவி எண் 1947. சுதந்திரம் கிடைத்த ஆண்டை நினைவில் வைத்திருக்கும் தலைமுறைக்கு இதனை எழுதிவைக்கத் தேவையில்லை.

சற்று நேரத்தில் சான்று எண்ணுடன் குறுஞ்செய்தி வந்தது. அதனைக் கண்டதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடலாகாது. ஆணை எண்ணிலோ வங்கியின் பெயரிலோ பிழை இருந்தால் பின்னர் அது தள்ளுபடியாகக்கூடும். ஜீவன் பிரமாண் தளத்தில் அந்த எண்ணை இட்டுச் சான்றைப் பெற்றுப் பார்க்கலாம். பேரன் அச்செடுத்துத் தந்த தாளை ஆச்சி வங்கிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

மத்திய அரசு ஓய்வூதியர்க்கு நவம்பர் மாதம் முழுதும் காலம் உண்டு. எண்பது நிறைந்தோர்க்கு அக்டோபர் முதல் தேதியே வாயில் திறந்துவிடும். வருங்கால வைப்புநிதி ஓய்வூதியர் ஆண்டின் எந்நாளிலும் கொடுக்கலாம். அது கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கான கால முறை வேறாதலால், அவர்கள் கருவூலத்தில் கேட்டுக்கொள்ளல் நலம்.

அடுத்த வீட்டில் படுக்கையிலிருக்கும் பெரியவருக்குக் கைப்பேசியும் இல்லை, கூப்பிட்டால் வரும் பேரனும் இல்லை. அவருக்காக ஆச்சியே தபால்காரரிடம் சொல்லிவைத்தார். அஞ்சல் துறை வங்கியின் வழியாகத் தபால்காரர் வீட்டுக்கே வந்து சான்று எடுத்துத் தருவார். கட்டணம் 70 ரூபாய்.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கும் நாள் நெருங்கிய வேளையில், ஆச்சி பேருந்தேறித் திருப்பத்தூர் சென்று புத்தகத்தில் வரவு பதிந்து வந்தார். டிசம்பர் மாத ஓய்வூதியம் வழக்கம்போல் ஏறியிருந்தது.